அரை லிட்டர் உப்புநீருக்கு ஒரு தேர்வு

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழையும் வினைச்சாயமும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்த விலக்கத்தைத் தணித்தால்தான் சாயம் இழையை அண்டும். அடர் நிறம் கேட்கும் ஆர்டருக்குச் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் உப்புப் போடுவது திருப்பூரில் வாடிக்கை. அந்த உப்பெல்லாம் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற கட்டாயத்தில் ஊர் சவ்வூடு சுத்திகரிப்புக்கு மாறியது. இன்று டீக்கடைப் பேச்சிலும் ‘டிடிஎஸ்’ (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அடிபடும் ஊர் இது.

அதே சோடியம் குளோரைடு இன்னொரு வடிவிலும் திருப்பூருக்குள் வந்து இறங்குகிறது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, மிகத் தூய நீர், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி சாலைகளில் உள்ள சின்ன கிளினிக் வரை கம்பியில் தொங்கும் அந்த பாட்டிலை மக்கள் ‘குளுக்கோஸ்’ என்கிறார்கள். உள்ளே இருப்பது உப்பா, சர்க்கரையா, இரண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ஓவர்டைம் முடித்து வருகிறவர், “அசதியா இருக்குதுங்க டாக்டரு, ஒரு குளுக்கோஸ் ஏத்தி உடுங்க” என்கிறார். பாட்டில் ஏறுகிறது, பணம் கை மாறுகிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் எந்த பாட்டில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் அத்தியாவசிய மருந்துப் பட்டியல். சாதாரண உப்புநீர் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று இனிப் பார்ப்போம்.

பட்டியல் எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிபுணர் குழு கூடி அதைத் திருத்துகிறது. ஒரு மருந்தைச் சேர்க்க விரும்புபவர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த மருந்து தீர்க்கும் நோய் எத்தனை பேரைத் தாக்குகிறது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு என்ன சான்று, என்ன தீங்கு செய்யும், ஏற்கெனவே உள்ளதைவிட என்ன கூடுதல் பயன், அந்தப் பயனுக்கு என்ன விலை என்று வரிசையாகக் காட்ட வேண்டும். பட்டியலில் இருப்பதை நீக்கச் சொல்லியும் விண்ணப்பிக்கலாம்.

இந்தியாவின் தேசியப் பட்டியல் 1996இல் பிறந்து 2003, 2011, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2022 பட்டியலில் 384 மருந்துகள். அந்த முறை புதிதாக 34 மருந்துகள் வந்தன, 26 வெளியேறின. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே அது ஆரம்ப, இரண்டாம், மூன்றாம் நிலை மருத்துவமனைகளில் எவற்றில் இருக்க வேண்டும் என்ற குறியும் உண்டு. பட்டியலுக்குள் வந்த மருந்துக்கு 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்படும். எனவே ஒரு மருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் மருத்துவருக்கு மட்டுமல்ல, தயாரிக்கும் நிறுவனத்துக்கும் வாங்கும் நோயாளிக்கும் பணம் சம்பந்தப்பட்ட சங்கதி.

தமிழ்நாட்டில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொள்முதல் செய்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகம் மாநிலம் முழுவதற்குமான அரசு மருத்துவமனைத் தேவையை ஒன்றாகத் திரட்டி டெண்டர் விடுகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் பல வந்து பார்த்துத் தங்கள் ஊரில் செய்துகொண்ட ஏற்பாடு இது.

காலரா கற்றுக்கொடுத்தது

உப்புநீரை இரத்தக் குழாயில் ஏற்றும் யோசனை காலராவில் பிறந்தது. 1831-32இல் பிரிட்டனைக் காலரா தாக்கியபோது வில்லியம் ஓ’ஷாக்னஸி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் காரமும் குறைந்துபோயிருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். எடின்பரோ அருகே லீத் நகரில் தாமஸ் லாட்டா அதைச் செய்து பார்த்தார். கண் குழிந்து, நாடி அடங்கிக் கிடந்த மூதாட்டி ஒருவர் உப்புநீர் ஏற ஏறத் தெளிந்து பேசினார். பேதி மறுபடி தொடங்கியபோது மீண்டும் ஏற்ற ஆளில்லை, அவர் இறந்துபோனார். எவ்வளவு போகிறதோ அவ்வளவையும் தொடர்ந்து ஈடுகட்ட வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. ஓ’ஷாக்னஸி பிறகு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். இந்தியாவின் முதல் தந்திக் கம்பிகளை இழுத்தவரும் அவரே.

அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்க விட்டார். உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய் நீரில் கரைசல் தயாரித்தபோது இதயம் நெடுநேரம் துடித்தது; தூய நீரில் தயாரித்தபோது சீக்கிரம் ஓய்ந்தது. குழாய் நீரிலிருந்த கால்சியம்தான் காரணம் என்று ரிங்கர் கண்டுபிடித்தார். பொட்டாசியமும் சரியான அளவில் சேர்ந்தபோது ‘ரிங்கர் கரைசல்’ உருவானது. 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். பேதியில் குழந்தைகளின் இரத்தம் அமிலமாவதை அவர் சரிசெய்ய விரும்பினார். லாக்டேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றும். அது அமிலத்தைத் தணிக்கும். இன்று வார்டில் ‘ஆர்.எல்.’ என்று கேட்டு வாங்கும் பாட்டில் இதுதான்.

இன்னொரு தடையும் தீர வேண்டியிருந்தது. கொதிக்கவைத்த நீரில் தயாரித்த கரைசலை ஏற்றினாலும் சிலருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பாக்டீரியா செத்தாலும் அதன் உடைந்த உறைத்துணுக்குகள் நீரில் தங்கிவிடுகின்றன, வெப்பம் அவற்றை அழிப்பதில்லை என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஃபுளோரன்ஸ் சைபர்ட் 1920களில் காட்டினார். கிருமி இல்லை என்பது மட்டும் போதாது, கிருமியின் மிச்சமும் இருக்கக் கூடாது என்ற தர விதி அதன் பிறகு வந்தது.

மூன்று பாட்டில்கள்

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொதுவாக இருப்பவை மூன்று கரைசல்கள். முதலாவது 0.9 விழுக்காடு உப்புநீர். லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், அதே 154 மில்லிமோல் குளோரைடு. இரத்தத்தில் சோடியம் சுமார் 140, குளோரைடு சுமார் 100 மட்டுமே. சோடியம் ஓரளவு ஒத்துப்போகிறது; குளோரைடோ ஒன்றரை மடங்கு. லிட்டர் கணக்கில் ஏற்றினால் குளோரைடு மிகுந்து இரத்தம் அமிலத்தன்மை அடையும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறையக்கூடும்.

இரண்டாவது ரிங்கர் லாக்டேட். சோடியம் சுமார் 130, குளோரைடு சுமார் 109, பொட்டாசியம் 4, லாக்டேட் 28, கொஞ்சம் கால்சியம். இரத்தத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு.

மூன்றாவது 5 விழுக்காடு குளுக்கோஸ். இதில் உப்பே இல்லை. உடல் சர்க்கரையை எரித்ததும் மிஞ்சுவது வெறும் நீர். அது உடலின் எல்லா உயிரணுக்களுக்கும் பரவிவிடும். ஒரு லிட்டர் ஏற்றினால் இரத்தக் குழாய்க்குள் தங்குவது 100 மில்லிக்கும் குறைவு. உப்புநீரானால் கால் பங்காவது தங்கும். காலராவிலோ டெங்கு அதிர்ச்சியிலோ குளுக்கோஸ் நீரை மட்டும் ஏற்றுவது பயனற்றது, ஆபத்தும்கூட. தெம்புக்கு என்றால் அதுவும் இல்லை. 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கும் குறைவு. உப்புநீர் பாட்டிலானால் நாலரை கிராம் உப்பு உடலில் இறங்கும். ஒரு நாள் முழுதும் உண்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பே 5 கிராம். இரத்தக்கொதிப்பு உள்ளவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் இது சும்மா ஏற்றுகிற சமாச்சாரம் அல்ல.

நான்காவது வகையும் சந்தையில் உண்டு. இரத்தத்தின் அயனி அளவுகளை இன்னும் நெருக்கமாகப் பின்பற்றும் பல்அயனிக் கரைசல்கள்: சோடியம் 140, குளோரைடு 98, மக்னீசியம், லாக்டேட்டுக்குப் பதில் அசிட்டேட்டும் குளுக்கோனேட்டும். ரிங்கர் லாக்டேட்டைவிட விலை பல மடங்கு. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்தது. பொதுப் பட்டியலில் சேர்க்க அது போதுமா?

சான்று என்ன சொல்கிறது?

2018இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 15,802 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகச் சேதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் உப்புநீர் பெற்றோரில் 15.4 விழுக்காடு, சமச்சீர் கரைசல் (ரிங்கர் லாக்டேட் அல்லது பல்அயனிக் கரைசல்) பெற்றோரில் 14.3 விழுக்காடு. நூறு பேருக்கு ஒருவர் என்ற சிறிய வித்தியாசம். ஆனால் உலகெங்கும் ஓர் ஆண்டில் ஏறும் பாட்டில்களை எண்ணினால் அது சிறியதல்ல.

அதற்குப் பின் வந்த ஆய்வுகள் அவ்வளவு உறுதி தரவில்லை. பிரேசிலில் 2021இல் சுமார் 11,000 பேரிடமும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2022இல் சுமார் 5,000 பேரிடமும் விலை உயர்ந்த பல்அயனிக் கரைசலை உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். 90 நாள் மரண விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு உப்புநீரே மேல் என்ற எச்சரிக்கையும் பிரேசில் ஆய்விலிருந்து கிடைத்தது.

கொங்கு நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் சான்று வியட்நாமிலிருந்து வருகிறது. டெங்குவில் இரத்தக் குழாயின் சுவர் கசிந்து, நீர் வெளியேறி, குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகும். விலை உயர்ந்த டெக்ஸ்ட்ரான், ஸ்டார்ச் கரைசல்கள் குழாய்க்குள் அதிக நேரம் தங்கும் என்பதால் அவையே மேல் என்று பலர் நம்பினார்கள். ஹோ சி மின் நகரில் மிதமான அதிர்ச்சியில் இருந்த 383 குழந்தைகளிடம் அவ்விரண்டையும் ரிங்கர் லாக்டேட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. தொடக்க சிகிச்சைக்கு மலிவான ரிங்கர் லாக்டேட்டே போதும் என்றது. ஸ்டார்ச் கரைசல் பிறகு இன்னும் மோசமான பெயர் எடுத்தது. 2012இல் வடஐரோப்பாவில் கடும் தொற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் 90 நாளுக்குள் இறந்தார்கள். ரிங்கர் அசிட்டேட் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர்.

கரைசல் எதுவானாலும் வேகமும் அளவும் மருந்தின் பகுதிதான் என்பதை 2011இல் ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளில் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்தில் சுமார் 10.6 விழுக்காட்டினர் இறந்தார்கள்; அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காட்டினர். உப்புநீர்தானே, கெடுதல் என்ன என்ற அலட்சியத்துக்கு இதைவிடக் கடுமையான பதில் இல்லை.

சரி, ரிங்கர் லாக்டேட் நல்லதென்றால் உப்புநீரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? முடியாது. வாந்தி எடுத்தே குளோரைடு இழந்தவருக்கு உப்புநீர்தான் சரி. தலைக்காயத்துக்கும் அதுவே. பிறந்து 28 நாளுக்குள் உள்ள சிசுவுக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கால்சியம் உள்ள கரைசலும் சேர்ந்தால் படிகம் கட்டி உயிருக்கே ஆபத்து. ஊசி மருந்துகள் பலவற்றைக் கலக்கவும் உப்புநீரே வேண்டும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால் இரண்டும் பட்டியலில் நிற்கின்றன. இந்தியப் பட்டியலில் மூன்று நிலை மருத்துவமனைகளுக்கும் இவை இரண்டும் உண்டு.

விலை, எடை, தரம்

மாத்திரை பத்தாயிரத்தை ஒரு பெட்டியில் அடக்கிவிடலாம். கரைசல் பாட்டில் ஒவ்வொன்றும் அரை கிலோ. உள்ளே இருக்கும் உப்பின் விலை சொற்பம். நீரைத் தூய்மையாக்குவதும், பாட்டிலை வார்த்து நிரப்பி மூடுவதும், லாரியில் ஏற்றி வெயில் தகிக்காத கிடங்கில் வைப்பதும்தான் செலவு. எனவே பட்டியல் குழு ஒரு பாட்டிலை ஏற்கும்போது அதன் போக்குவரத்தையும் இருப்பையும் சேர்த்தே ஏற்கிறது. 2024 செப்டம்பரில் ஹெலன் புயல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு தொழிற்சாலைக்குள் வெள்ளத்தை விட்டது. அந்த நாட்டின் கரைசல் தேவையில் சுமார் 60 விழுக்காட்டை அந்த ஒரே ஆலை கொடுத்துவந்தது. பணக்கார நாட்டின் மருத்துவமனைகளே அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்துப் பாட்டிலை எண்ணிக் கொடுத்தன. ஒரே ஆளை நம்பிக் கொள்முதல் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

தரம் தவறினால் விளைவு இன்னும் கொடியது. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரியில் அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் மேல் சந்தேகம் விழுந்தது. அந்தத் தயாரிப்பாளரின் கரைசலை மாநில அரசு நிறுத்தியது. 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மிட்னாப்பூரில் ஒரு தாய் இறந்தபோது அதே நிறுவனத்தின் கரைசல் மறுபடி விவாதத்துக்கு வந்தது. சிகிச்சைக் குறைபாடும் பேசப்பட்டது. எந்தக் கரைசல் என்ற கேள்விக்குச் சரியான பதில் எழுதிவிட்டு, யாருடைய கரைசல் என்பதில் கோட்டைவிட்டால் பட்டியலால் பயனில்லை.

பையர் ஒப்புக்கொண்ட ஷேடோடு ஒவ்வொரு லாட்டையும் ஒட்டிப் பார்த்த பிறகே கட்டிங்குக்கு அனுப்பும் திருப்பூர்க்காரருக்கு இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம். மருத்துவப் பணிகள் கழகம் செய்வதும் அதே வேலைதான். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. தேறாத பேட்ச் விநியோகத்துக்குப் போகாது. திரும்பத் திரும்பத் தவறும் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும்.

ஊசி இல்லாத கரைசல்

பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு பொட்டலம். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவரிடம் இருந்த உப்புநீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பும் சர்க்கரையும் பேக்கிங் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காட்டை எட்டிய மரணம் அவருடைய பொறுப்பில் 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நீர் அதன் பின்னால் போகும். பேதியிலும் அந்த வழி அடைபடுவதில்லை. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் நீருக்கானது.

திருப்பூரில் இது வயிற்றுப்போக்குக்கு மட்டும் உரியதல்ல. சாயப்பட்டறை, ஸ்டென்ட்டர், காம்பாக்டிங், அயர்னிங் பிரிவுகளில் ஆவியும் அனலும் நடுவே எட்டு மணி நேரம் நிற்பவர் இழப்பது நீரும் சோடியமும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நினைவு தப்பாமல், வாந்தி இல்லாமல் இருப்பவருக்கு அந்த இழப்பை வாய்வழியாகவே ஈடுசெய்யலாம். நினைவு குழம்பியவருக்கும், எதுவும் வயிற்றில் தங்காதவருக்கும், நாடி அடங்கியவருக்கும்தான் பாட்டில். அவர்களைத் தாமதிக்காமல் 108இல் ஏற்ற வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு கடினமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம்வரை ஓ.ஆர்.எஸ்., ரிங்கர் லாக்டேட், 0.9 விழுக்காடு உப்புநீர் மூன்றும் ஒரு நாளும் தீராமல் இருக்க வேண்டும். குளுக்கோஸ் கரைசல் சர்க்கரை தாழ்ந்தவருக்கும் வாய்வழி உண்ண முடியாதவருக்கும் உரியது. விலை உயர்ந்த பல்அயனிக் கரைசல், இன்றுள்ள சான்றை வைத்துப் பார்த்தால், பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவோடு நிற்கலாம். அதற்குச் செலவிடும் பணத்தைப் பேட்ச் சோதனைக்குக் கொடுத்தால் அதிக உயிர் பிழைக்கும்.

பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு: ஒவ்வொரு ஷெட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் நல்ல தண்ணீரும், குடித்தவர் போய்வரக் கழிப்பறையும் ஏற்பாடு செய்யுங்கள். வேலை செய்பவர்களுக்கு: அடுத்த முறை யாராவது உங்கள் கையில் ஊசி குத்த வந்தால், அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது, எதற்காக, வாயால் குடித்தால் போதாதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது ஏற்றுகிறவரின் கடமை.